85 ஆக்டேனும் குட்டிக்கானம் ஏத்தமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. டென்வரில் வழக்கமாகப் பெட்ரோல் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஊர் பம்பில் மூன்று பொத்தான்கள் இருக்கும். முதல் பொத்தானில் 85 என்று போட்டிருக்கும். அமெரிக்காவின் மற்ற பெரும்பாலான இடங்களில் அது 87. பதினாறு வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், ஏன் இந்த இரண்டு எண் வித்தியாசம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. (இஞ்சினியர் என்று வெளியே சொல்லிக்காதீங்க என்று தங்கமணி சொல்வது காதில் விழுகிறது :-))

சும்மா ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வண்டிப்பெரியாருக்கு, பெரியப்பாவுக்கு அனுப்பினேன். முப்பது வருடம் டாக்ஸி ஓட்டிய மனிதர். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"டேய் தம்பி, அது என்ன, நம்ம குட்டிக்கானம் மாதிரி ஒசரமான ஊரா?"

"ஆமா பெரியப்பா. அத விட ஒசரம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கம்பத்துல ஏத்தத்துல மிதிச்சா இஞ்சின் டக்டக்குனு அடிக்கும்டா. அதே வண்டி, அதே பெட்ரோல், பீர்மேடு வந்துட்டா சத்தம் இருக்காது. ஒசரத்துக்கு மட்டமான பெட்ரோலே போதும். இதப் போயி போட்டோ புடிச்சு அனுப்புறான்..."

எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் சொன்னதை அப்புறம் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்தேன். நூற்றுக்கு நூறு சரி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, இஞ்சின் 'தட்டுவது' குறைகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு 85 போதும் என்று இங்கே வைத்தார்கள். கார்புரேட்டர் போய்ப் பல காலம் ஆகியும் அந்த எண் மட்டும் பம்பிலேயே தங்கிவிட்டது. (நம் ஊரில் 87, 93 என்று இரண்டு வகை விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கலாம். அந்தக் கணக்கு வேறு, அமெரிக்கக் கணக்கு வேறு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.)

அந்த ஒரு போன் கிளறிவிட்டதுதான் இந்தப் பதிவு. பீர்மேட்டு மலைப்பாதையும் கார்புரேட்டரும் சேர்ந்து வாழ்ந்த கதை. கார் என்றால் சாவியைத் திருகினால் ஓடும் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம்.

ரோடு வந்த கதை

பீர் முகம்மது என்ற சூஃபி ஞானி வந்து தங்கியதால் பீர்மேடு என்று பெயர் வந்தது என்பார்கள். சுமார் 3,000 அடி உயரம். திருவிதாங்கூர் அரச குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய இடம். குட்டிக்கானத்தில் இருக்கும் அம்மச்சிக் கொட்டாரம் அந்தக் காலத்து மிச்சம்.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே முதலில் காப்பி போட்டார்கள். இலைத்துரு நோய் வந்து காப்பியைத் தின்றது. பிறகு தேயிலை. கொழுந்து பறிக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். எங்கள் பாட்டியின் அம்மா அப்படித்தான் கம்பம் வழியாகக் குமுளி ஏறி வந்தவர். ஆள் வந்தது கிழக்கிலிருந்து, தேயிலை இறங்கியது மேற்கே. கோட்டயத்திலிருந்து முண்டக்கயம், குட்டிக்கானம், பீர்மேடு, வண்டிப்பெரியார் வழியாகக் குமுளி போகும் ரோட்டின் கதை இதுதான். முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி, பஸ், கார்.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. 1972-ல் இடுக்கி மாவட்டம் உண்டானது. எல்லை எப்படிப் போனாலும் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. ஒரு ஸ்பேர் கோட்டயத்தில் கிடைக்கும், இன்னொன்று மதுரையில்தான் கிடைக்கும்.

இந்த ரோட்டில் முண்டக்கயத்துக்கும் குட்டிக்கானத்துக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரே ஏத்தம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தாழ்வான புழையோர ஊரில் கிளம்பிய வண்டி ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறியாக வேண்டும்.

கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது

வீட்டில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பழைய தகர பம்ப் ஞாபகம் இருக்கிறதா? பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் போகும், அந்த வேகம் கீழே டப்பாவில் இருக்கும் மருந்தை உறிஞ்சித் தூவும். கார்புரேட்டரும் அதுதான். 1893-ஐ ஒட்டி ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோர் இப்படிப் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு சின்ன ஓட்டையின் அளவை வைத்தே இந்த விகிதத்தைக் காக்க வேண்டும். அந்த ஓட்டைக்குத்தான் 'ஜெட்' என்று பெயர்.

சிக்கல் எங்கே? ஜெட் கடல் மட்டத்துக்கு அளவெடுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால் கலவை ஏறக்குறைய 5 சதவீதம் 'ரிச்' ஆகிறது. இஞ்சின் சக்தியும் பத்தில் ஒரு பங்கு போகிறது. டென்வர் 1,609 மீட்டர், இங்கே இன்னும் மோசம். 1977 மாடல் கார்களுக்கு அமெரிக்காவில் உயரமான பகுதிகளுக்கென்றே தனிப் புகை விதி கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 சதவீதம் என்பது நல்ல நிலையில் இருக்கும் வண்டியை மடக்கிப் போடும் அளவு இல்லை. கொஞ்சம் இழுவை குறையும், கொஞ்சம் கரும்புகை வரும், அவ்வளவுதான். இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கதையே அந்த இடத்தில்தான் இருக்கிறது, வருகிறேன்.

ரிவர்ஸில் ஏறியதும், கரியில் ஏறியதும்

ஆரம்ப காலக் கார்களுக்கு மலை வேறு விதமாகத் தொல்லை கொடுத்தது. ஃபோர்டின் மாடல் டி-யில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தாக ஏறினால் இஞ்சின் டேங்கை விட மேலே போய்விடும், பெட்ரோல் வராது. அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலே இல்லை. தென்னிந்தியாவெங்கும் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒரு கலம் வைத்து, அதிலிருந்து வந்த வாயுவில் ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் கலங்களைச் செய்து விற்றது. பெட்ரோலில் கிடைக்கும் சக்தி கரியில் கிடைக்காது. ஏத்தம் வந்தால் ஆட்கள் இறங்கி நடந்த கதையும் தள்ளிய கதையும் நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

அம்பாசடரும் ஃபியட்டும்

போருக்குப் பிறகு மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. ஏலக்காட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் ஜீப் ராஜா. டாக்ஸிக்கு அம்பாசடர். 1950களின் கடைசியில் உத்தர்பாராவிலிருந்து வரத் தொடங்கிய வண்டி, 2014 மே மாதம்தான் நின்றது. இன்னொரு பக்கம் ஃபியட் 1100, பிற்பாடு அதுவே பிரீமியர் பத்மினி.

ஃபியட்டில் சோலெக்ஸ் கார்புரேட்டர். சும்மா ஓட ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், திடீரென்று மிதித்தால் ஒரு மடக்கு பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு குட்டி பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு.

பழைய அம்பாசடர்கள் பலவற்றில் எஸ்.யூ. கார்புரேட்டர். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. முதலில் அதற்குள் தோலால் செய்த துருத்தி இருந்ததாம் (செருப்புக்காரர்கள் வேறு என்ன வைப்பார்கள் :-)). பிறகு உலோகப் பிஸ்டன் வந்தது. இஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அதற்கு ஏற்றபடி பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனில் இருக்கும் ஊசி ஒரே ஒரு ஜெட்டைத் திறந்து மூடும். 'எஸ்.யூ. உயரத்துக்குத் தானே சரி பண்ணிக்கும்' என்று அப்போது பலரும் சொல்வார்கள். இல்லீங்க. காற்று எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியும், காற்று எவ்வளவு மெலிந்தது என்று தெரியாது. உயரத்தில் அதுவும் ரிச் ஆகத்தான் செய்யும்.

பிஸ்டனுக்கு மேலே ஒரு குழாய், அதில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய், ஒரு திருகு மூடி. எங்கள் வீட்டுக் கதை அந்த எண்ணெயில் இருக்கிறது.

1985 கார்த்திகை

1973-ல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறியது. அதற்குப் பிறகு டாக்ஸிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: மைலேஜ். ஜெட்டைச் சின்னதாக்கு, நட்டைத் திருகி 'லீன்' பண்ணு. லீன் பண்ணினால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். மிதித்தவுடன் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும்.

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது வந்த கிராஜுவிட்டி, பெரியம்மாவின் நகை, அப்பா வாங்கிய கடன், எல்லாம் சேர்ந்துதான் அந்த 72 மாடல் அம்பாசடர். வருமானத்தில் பெரும்பங்கு சபரிமலை சீசனில். தேனி, மதுரைப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் குமுளி, வண்டிப்பெரியார், குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகத்தான் எருமேலி போவார்கள். அந்த இரண்டு மாதம் ஓடினால்தான் வருடம் ஓடும்.

85 கார்த்திகையில் வண்டி திணற ஆரம்பித்தது. முண்டக்கயத்திலிருந்து திரும்பி ஏறும்போது, வளைவில் வேகம் குறைத்து மறுபடி மிதித்தால், ஒரு முக்கு முக்கி நிற்கப் பார்க்கும். கார்புரேட்டர் வழியாகப் 'பஃப்' என்று துப்பும். ஒரு நாள் ராத்திரி மஞ்சில், ஆறு சாமிகளோடு, வளைவிலேயே ஆஃப் ஆகி ஒரு முழம் பின்னால் போய்விட்டது. பின்னால் பஸ். குருசாமி இறங்கிவிட்டார். "இந்த வண்டியில இனி ஏற மாட்டோம் டிரைவரே" என்று அடுத்த இரண்டு நடைக்கும் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா மூன்று பட்டறை ஏறி இறங்கினார். பிளக் மாற்றினார்கள். பாயின்ட் மாற்றினார்கள். கண்டென்சர் மாற்றினார்கள். மூன்று இடத்திலும் கடைசியாக ஒரே தீர்ப்பு: "மலை ஒசரம், காத்து கம்மி, ரிச் ஆகுது." நட்டைத் திருகி இன்னும் லீன் பண்ணி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி இன்னும் மோசமானது. ராத்திரி வீட்டில் வண்டியை விற்கிற பேச்சு. பெரியம்மா ஒன்றும் பேசாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடைசியில் பீர்மேட்டில் ஒரு வயசான மலையாள மெக்கானிக். எல்லாரும் 'ஆசான்' என்பார்கள். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வி:

"எங்க வச்சுப் பிடிக்குது அண்ணாச்சி?"

"என்ன ஆசானே, ஏத்தத்துலதான்."

"ஏத்தம் இருபது கிலோமீட்டர் உண்டு. எங்க வச்சு?"

மறுநாள் விடியற்காலையில் எங்களையே சுமையாக ஏற்றிக்கொண்டு முண்டக்கயம் இறங்கி மறுபடி ஏறினோம். நான், அப்பா, சித்தப்பா, இரண்டு மூட்டை அரிசி. எனக்கு அப்போது பத்து வயது. ஆசான் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

குட்டிக்கானத்தில் இறங்கி டீ சொல்லிவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது. சமவெளியில் ஒரே வேகத்தில் சுத்தமாக ஓடியது, ஆக டெல்கோ, பாயின்ட், பிளக் எல்லாம் சரி. நீண்ட ஏத்தத்தில் மிதித்த மிதியில் கடைசி வரை இழுத்தது, ஆக ஏ.சி. பம்ப், ஃபில்டர், ஃப்ளோட் சரி. டீ குடிக்க நிறுத்தி எடுத்தபோது உடனே ஸ்டார்ட் ஆனது, ஆக சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கவில்லை. உயரம்தான் காரணம் என்றால் மேலே போகப் போக ஏற வேண்டும். ஆனால் முண்டக்கயம் பாலத்தில் திடீரென மிதித்தபோதும் லேசாகப் பிடித்தது. ஆக நோய் உயரத்தில் இல்லை, 'மிதிக்கும் அந்த நொடியில்' இருக்கிறது.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை ஒரு விரலால் தூக்கினார். விருட்டென்று ஏறியது. "இது மெதுவா ஏறணும், டக்குனு விழணும்" என்றார். மூடியைத் திருகிப் பார்த்தால், குழாய் காய்ந்து கிடந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

மிதித்த நொடியில் அந்த எண்ணெய்தான் பிஸ்டனை மெதுவாக ஏறச் சொல்லிப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தாமதத்தில் கலவை கொஞ்சம் ரிச் ஆகி இஞ்சின் எழும்புகிறது. எண்ணெய் இல்லையென்றால் பிஸ்டன் துள்ளி ஏறும், காற்று பாயும், பெட்ரோல் பின்தங்கும். அதாவது ரிச் இல்லை, லீன்! மூன்று பட்டறையும் நோய்க்கு நேர் எதிர் மருந்து கொடுத்திருக்கிறது. ஆசான் எண்ணெய் விட்டார், நட்டை இறக்கிக் கலவையைச் சரி செய்தார். மறுபடி முண்டக்கயம் வரை போய் வந்தோம். எந்த வளைவிலும் முக்கவில்லை. டீக்கு மட்டும் காசு கொடுக்க விட்டார்.

"மலை தீனம் கொடுக்காது அண்ணாச்சி. உள்ள தீனத்தக் காட்டிக் கொடுக்கும்" என்றார். அந்த வருட மகரவிளக்கு வரை வண்டி ஓடியது.

ரோடே சொல்லும்

பெரியப்பாவிடம் இப்போது கேட்டு எழுதிக்கொண்டது. யாரிடமாவது பழைய வண்டி இருந்தால் உதவும்.

1. முண்டக்கயத்திலேயே, சமவெளியில், சும்மா நிற்கும்போதே தட்டுத்தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது பாயின்ட், பிளக், வயர். கார்புரேட்டரைத் தொடவே கூடாது.

2. வளைவு முடிந்து மிதித்தவுடன் மட்டும் முக்கினால், எஸ்.யூ.-வில் எண்ணெய், சோலெக்ஸில் அந்தக் குட்டி பம்ப்.

3. முப்பத்தஞ்சாம் மைல் வரை நன்றாக வந்து, பெருவந்தானம் தாண்டி மெதுவாகச் செத்துக்கொண்டே போனால், பெட்ரோல் வரத்து போதவில்லை. ஃபில்டர், ஏ.சி. பம்ப், டேங்க் மூடியின் காற்றுத் துளை.

4. உச்சி வெயிலில் ஏறி, நிறுத்தி, எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சூடு. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரவும்.

5. குட்டிக்கானம் நெருங்க நெருங்கக் கரும்புகையும் கனமும் கூடினால், அப்போதுதான் ரிச். சோக் மாட்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

6. மார்கழி மஞ்சில், லேசான மிதியில் திணறி, ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியானால், கார்புரேட்டருக்குள் பனி கட்டியிருக்கலாம். உறையும் குளிர் வெளியே வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது எடுக்கும் குளிரே ஈரக்காற்றை உறைய வைக்கும்.

அப்புறம்

2000 ஏப்ரலில் இந்தியா முழுக்கப் புதிய புகை விதி வந்தது. மாருதி 800 உட்பட எல்லாம் இஞ்செக்‌ஷனுக்கு மாறி, சில வருடங்களில் புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லாமல் போனது. பைக்குகளில் 2020 ஏப்ரல் விதியோடு முடிந்தது. இப்போது வண்டிக்குள் இருக்கும் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து, உயரத்துக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைக்கிறது. கார்புரேட்டருக்குத் தெரியாத ஒன்று இதற்குத் தெரிகிறது. நல்லதுதான், வளைவில் யாரும் பின்னால் உருள வேண்டியதில்லை.

அதே காலத்தில்தான் தேயிலை விலை விழுந்து பீர்மேட்டில் பல எஸ்டேட்டுகள் மூடின. ஜனம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கியது. டாக்ஸிக்கு ஆள் இல்லை. அதற்குள் பெரியப்பா வண்டியை விற்றிருந்தார். ஆசான் இப்போது இல்லை. நான் படித்தது, இங்கே வந்தது எல்லாவற்றிலும் அந்த ஒரு கார்த்திகை மாத எண்ணெய்ச் சொட்டுக்குப் பங்கு உண்டு. அந்த வருடம் வண்டி போயிருந்தால் என் பள்ளிக்கூடமும் போயிருக்கும்.

வேலையில் ஒரு சிஸ்டம் திடீரெனத் திணறினால் பையன்கள் முதலில் போன தடவை சரி பண்ணிய இடத்தையே நோண்டுவார்கள். நான் "எங்க வச்சு?" என்று கேட்பேன். அவர்களுக்குப் புரியாது, தமிழ்ப் பையன்களுக்கே புரியாது. பிறகு விளக்குவேன்.

கடைசியாக ஒன்று. டென்வர் பக்கம் இருப்பவர்கள், உங்கள் காரின் கையேட்டில் 87 என்று போட்டிருந்தால் 87-ஏ போடுங்கள். 85 என்பது கார்புரேட்டருக்குச் சொன்ன கணக்கு, நம் வண்டிக்கு இல்லை. இதைப் பெரியப்பாவிடமும் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா எதைப் போட்ட?" என்று கேட்டார்.

85 தான். சொல்லவில்லை :-)